சிவப்புக் கிடாரியும் ஆறாம் வகுப்பும்

போன வாரம் ஒரே சந்தில் வளர்ந்த நம் ஒழுங்கை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்த வீடியோவை மறுபடியும் போட்டிருந்தார். ஒரு சிவப்பு மாட்டைச் சுற்றி நாலைந்து பேர் நின்று, அதன் முதுகைத் தடவித் தடவி ஒவ்வொரு முடியாகப் பார்க்கிறார்கள். யெருசலேமில் ஆலயம் எழும்பப் போகிறது, பலி மறுபடியும் தொடங்கப் போகிறது, ஆயத்தமாயிருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. டொரன்டோவில் இருப்பவர் ஆமென் போட்டார். லண்டனில் இருப்பவர் சிரிக்கிற முகம் போட்டார். பிறகு வழக்கம்போல இரண்டு நாள் சண்டை. சண்டை ஓய்ந்தபின் உங்களில் ஒருவர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார்: "உங்கட அப்பாதானே இதெல்லாம் படமாக் கீறினவர்? நீ மட்டும் ஏன் வாய் திறக்கிறதில்ல?"

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. அது உங்களுக்கே தெரியும். ஆனால் தனியாக இருந்து எழுதச் சொன்னால் எழுதுவேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் ஆறாம் வகுப்புக்குப் போனீர்கள். நான் போகவில்லை. வீட்டில் கஷ்டம், அதனால் நின்றுவிட்டான் என்று உங்களில் பலர் நினைத்திருக்கிறீர்கள். நானும் மறுத்ததில்லை. ஆனால் கஷ்டம் நம் கொட்டாஞ்சேனையில் எல்லா வீட்டிலும்தான் இருந்தது. நான் நின்றது, இன்னும் கட்டப்படாத ஓர் ஆலயத்தால்.

எங்கள் வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒழுங்கையின் கடைசியில், பொதுப் பைப்புக்கு எதிரே, வாசல் நிறையப் பெயின்ட் டின் அடுக்கியிருக்கும். அப்பா போர்ட் எழுதுகிறவர். லொறிக் கதவு, சலூன் கண்ணாடி, சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல் என்று எதுவாக இருந்தாலும் எழுதுவார். எங்கள் சோற்றிலேயே டர்பன்டைன் வாசம் அடிக்கும். உங்களில் ஒருவர் எங்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, "உங்கட பருப்பு பச்சைப் பெயின்ட் மாதிரி மணக்குது" என்று சொன்னது இன்னும் எனக்கு மறக்கவில்லை. யார் என்று சொல்லமாட்டேன்.

சபைக்கு வருவதற்கு முன் அப்பா கோயில்களுக்கும் வேலை செய்தவர். கோபுரத்துப் பொம்மைகளுக்கு நிறம் தீட்டுகிற கூட்டத்தோடு சாரத்தில் ஏறி நிற்பார். ஒருநாள் சாரம் சரிந்து விழுந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது பாஸ்டர் அங்கிள் ஒவ்வொரு நாளும் வந்து, தலையில் கை வைத்து ஜெபித்து, போகும்போது ஒரு றாத்தல் பாண் ரொட்டியும் வைத்துவிட்டுப் போவார். அப்பா எழுந்து நடந்தார். நடந்து நேரே சபைக்குப் போனார். அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனா.

சபை என்பது ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி. மேலே நாங்கள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே ஆணியைத் தராசுத் தட்டில் கொட்டுகிற சத்தம் கேட்கும். எனக்கு அது பாட்டுக்குக் குலுக்குகிற தம்புரு சத்தம் மாதிரியே பழகிவிட்டது.

அம்மாவின் தம்பி மட்டும் மாறவில்லை. மாமாவுக்குக் கோயில் வாசலில் தேங்காய், பூ, கற்பூரம் விற்கிற தட்டுக்கடை. "அத்தான், நீங்க எல்லாரும் மாறினா நான் விற்கிற தேங்காய யாரு உடைக்கிறது?" என்பார். அப்பா சிரிப்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாமி காரணமாக ஒரு சண்டையும் வந்து நான் பார்த்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வருடம், நவம்பர் மழையோடு, கடல் தாண்டி ஒரு பிரசங்கியார் வந்தார். ஒரு வாரம் மாலை மாலையாக வேதபாடம் நடத்தினார். அவர் சொன்னதை ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஆதியில் மனுஷன் தப்புச் செய்தால் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து, அதன் தலையில் கை வைத்து, தனக்குப் பதிலாக அதைப் பலி கொடுப்பான். அந்த ஆடு எல்லாம் பின்னால் வரப்போகிற ஒருவருக்கு அடையாளம். அவர் வந்தார், மரித்தார், ஆலயத்தின் திரைச்சீலை கிழிந்தது, பலி முடிந்தது. பிறகு ஆலயமும் இடிந்தது. ஆனால் கடைசி நாட்களில் அதே இடத்தில் மறுபடியும் ஆலயம் கட்டுவார்கள், பலியைத் தொடங்குவார்கள், பாதியில் ஒரு பொல்லாத ராசா அதை நிறுத்துவான், அதோடு எல்லாம் முடியும். ஆலயத்தில் வேலை செய்கிறவர்களைச் சுத்திகரிக்க ஒரு சிவப்புக் கிடாரிப் பசுவின் சாம்பல் வேண்டும். அதில் ஒரு மறு இருக்கக் கூடாது, நுகத்தடி கழுத்தில் பட்டிருக்கக் கூடாது. இரண்டு முடி வேறு நிறத்தில் இருந்தாலும் செல்லாது. "இந்த நேரத்திலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று பிரசங்கியார் சொன்னபோது, கீழே ஆணி கொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது போல இருந்தது.

போகும்போது அவர் அப்பாவிடம் ஒரு வேலை கொடுத்தார். ஜனவரி கடைசியில் பெரிய கூட்டம் நடத்தத் திரும்பி வருவார். அதற்குள் இந்த விஷயம் முழுவதையும் ஒரே துணியில் படமாகக் கீறித் தரவேண்டும். முதல் பலிபீடத்தில் தொடங்கி, ஆலயம், சிவப்புக் கிடாரி, முடிவு வரைக்கும். இருபது அடி நீளம். மாதிரிக்கு ஒரு சின்னப் புத்தகம் தந்தார். அதில் ஆலயத்தின் படம் தபால் முத்திரை அளவு. அதுவும் மை பரவிப்போன படம்.

அப்பாவுக்கு வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வேலை கிடைத்ததில்லை. அவர் முகம் அந்த வாரம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

டிசம்பரில் பள்ளிக்கூடம் விட்டார்கள். நம் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான்; தலைமை ஆசிரியர் எல்லாருக்கும் விடுகைப் பத்திரம் தந்தார். தடித்த வெள்ளைக் காகிதம், வட்டமான ஊதா முத்திரை. அதை எடுத்துக்கொண்டு, அப்பாவோடு வெள்ளவத்தைப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வருடம் பிறக்க முதல் போய்ப் பதியவேண்டும். உங்களில் நாலு பேர் அங்கேதான் போனீர்கள். அம்மா எனக்கு இரண்டு வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் தைத்து, பெட்டியில் மடித்து வைத்துவிட்டா. அப்பா மட்டும் போகவில்லை.

"பிள்ளைய எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டா.

"ஆலயத்துக்குக் கல்லுக்கூட வெட்டிட்டாங்களாம்," என்றார் அப்பா.

"கல்லு வெட்டினா வெட்டட்டும். பிள்ளைய எப்ப கூட்டிட்டுப் போறீங்க?"

"இவன் ஓ.எல். சோதினை எடுக்கிறதுக்கு இன்னும் ஆறு வருசம் இருக்கு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அந்த நேரம் நாங்க இஞ்ச இருக்கமாட்டோம்."

"அப்ப எங்க இருப்போம்?" என்று நான் கேட்டேன்.

"மேல."

அம்மா மேலே பார்த்தா. கூரைத் தகரத்தில் வெளிச்சம் விழுகிற ஓட்டை ஒன்று இருந்தது. "போறதுக்கு முதல் அதை அடைச்சிட்டுப் போவம்," என்றா.

அப்பா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை அம்மா வென்றிருப்பா. அவர் மெதுவாக, ஒரு நல்ல செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னார்: "இருக்கிற கொஞ்ச நாளும் பிள்ளை என்னோட இருக்கட்டுமே."

அப்படித்தான் நான் சிவப்பு நிறத்துக்குப் பொறுப்பானேன். காடாத் துணியை அம்மா துண்டு துண்டாக மூட்டித் தைத்துக் கொடுத்தா. அப்பா அதற்குக் கஞ்சி பூசி, வெள்ளை பூசி, நீலச் சோக்கட்டி தடவிய நூலைப் பிடித்து ஓரத்தில் ஒருமுறை சுண்டுவார். டப் என்று நீலக்கோடு விழும். வீட்டுக்குள் இருபது அடி விரிக்க இடம் ஏது? இரண்டு பக்கமும் சுருட்டி வைத்துக்கொண்டு நாலு நாலு அடியாகக் கீறினார். ஒரு துண்டு காய்ந்ததும் இந்தப் பக்கம் சுருட்டி அந்தப் பக்கம் அவிழ்ப்பார். அதனால் முழுப் படத்தையும் ஒன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை, கீறினவர் உட்பட.

ஜனவரி பிறந்தது. ஒருநாள் காலையில் நீங்கள் எல்லாரும் புதுச் சட்டையோடு, தலையில் எண்ணெய் வழிய, எங்கள் வாசலைத் தாண்டிப் போனீர்கள். நான் பலிபீடத்துக்கு அடியில் ரத்தம் தீட்டிக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் நின்று, "நீ வரல்லயா?" என்று கேட்டார். "பிறகு வருவேன்," என்றேன். கையிலே சிவப்பு வழிந்து முழங்கை வரை வந்துவிட்டது.

பின்னேரங்களில் நீங்கள் திரும்பி வந்து எனக்கு மாட்டுக் கொட்டிலுக்குத் துணை வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். முகத்துவாரம் போகிற வழியில் ஒரு சிங்களப் பால்காரர் வீட்டில் சிவப்புக் கன்று ஒன்று பிறந்திருந்தது. நல்ல செங்கல் நிறம். பிரசங்கியார் சொன்னதை நான்தான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன். ஐந்து பேரும் கன்றைச் சுற்றி உட்கார்ந்து, பேன் பார்க்கிற மாதிரி முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். நீங்கள் விளையாட்டுக்குப் பார்த்தீர்கள். நான் அப்படி இல்லை. கன்றில் வெள்ளை முடி இருந்தால் இது அந்தக் கிடாரி இல்லை. இது இல்லாவிட்டால் முடிவு இப்போது இல்லை. முடிவு இப்போது இல்லாவிட்டால் அப்பா என்னை ஆறாம் வகுப்புக்குக் கூட்டிப்போவார். என் கணக்கு அவ்வளவுதான்.

காதுக்குப் பின்னால் கிடைத்தது. ஒன்று இல்லை, இரண்டு. நான் கைதட்டினேன். அந்த நேரம், இப்போது டொரன்டோவில் ஆமென் போடுகிற நண்பர், இரண்டு வெள்ளை முடியையும் விரலால் சுற்றிப் பிடுங்கிவிட்டார். கன்று துள்ளியது.

"இப்ப சரி. இப்ப இது சுத்தம்," என்றார் அவர்.

நான் அழுதேன். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். உள்ளேயிருந்து பால்காரர் வாளியோடு ஓடிவந்தார். "ஏய் மல்லி, மொகத கரன்னே!" தம்பி, என்ன செய்யிறாய் என்று சிங்களத்தில் கத்தினார். ஓடிய ஓட்டத்தில் எனக்கு ஒரு செருப்புப் போய்விட்டது. உலகத்தின் முடிவை ஒருவர் விரலால் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார், என் செருப்பு சாணிக்குள் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விம்மி விம்மிச் சொன்னேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது கொட்டாஞ்சேனைக் கண்டுக்குட்டிடா. அதால உலகம் முடியாது," என்றார். நான் ஏன் அழுதேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியாது.

அதே வாரத்தில் அம்மா விடுகைப் பத்திரத்தைத் தேடினா. அது பெயின்ட் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தது. எடுத்துத் திருப்பினா. பின்பக்கம் முழுவதும் பென்சிலில் பலிபீடம். நாலு மூலையிலும் கொம்பு, கீழே சல்லடை, பக்கத்தில் முழ அளவு. ஓரத்தில் என் விரல் பட்ட சிவப்பு. பாவம், அப்பாவுக்குத் தடித்த காகிதம் வேறு கையில் அகப்படவில்லை. அவர் அதை ஒரு காகிதமாகத்தான் பார்த்திருக்கிறார்.

அம்மா படத்தில் அன்று விரித்திருந்த துண்டைப் பார்த்தா. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். அவன் காது என் காது மாதிரி விரிந்திருந்தது.

"ஒரே பலியோட எல்லாம் முடிஞ்சுது எண்டு நீங்கதானே ஞாயிற்றுக்கிழமை அழுதழுது பாடுறீங்க," என்றா அம்மா. "முடிஞ்சுதெண்டா பிறகு என் பிள்ளைய எதுக்குக் குடுக்கிறீங்க?"

அப்பாவின் பிரஷ் துணியில் பட்டபடியே நின்றது. அந்த இடத்தில் ஒரு பொட்டு ஊறிப் பெரிதானது. அதற்குப் பிறகும் கீறினார். ஆனால் பாடிக்கொண்டு கீறுவது அன்றோடு நின்றது.

கூட்டம் வந்தது. மேல்மாடியில் நிற்க இடமில்லை. மாமாகூட, "அத்தான் ரெண்டு மாசம் கீறின சாமானப் பாக்காம இருக்கிறதா?" என்று திருநீறைத் துடைக்காமலே வந்து கடைசியில் நின்றார். பாஸ்டர் அங்கிள் ஒரு முனையைப் பிடிக்க, அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தார். இருபது அடியும் முதல் தடவையாக ஒன்றாக விரிந்தது.

அவ்வளவு வடிவு. தங்க நிறமும் நீலமும் சிவப்பும் டியூப் லைட் வெளிச்சத்தில் ஈரம் மாதிரி மின்னின. பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. ஆலயத்தின் முற்றத்தில் ஒரு கொடிமரம் நின்றது. ஆசாரியருக்குத் தலையில் குடுமி. நடுவில், ஆலய வாசலைப் பார்த்தபடி, முன்னங்கால் ஒன்றை மடித்து, கழுத்தில் மணிமாலையோடு, திமிலை உயர்த்திக்கொண்டு சிவப்புக் கிடாரி படுத்திருந்தது. நாலு நாலு அடியாகப் பார்த்தபோது அது வெறும் மாடு. முழுதாக விரித்தபோது, உள்ளே இருக்கிறவரையே பார்த்துக்கொண்டிருக்கிற மாடு.

பின்னால் மாமா பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டார்.

முன்வரிசைக் கிழவி ஒருவர், "ஐயோ, இது நம்மட நந்தியெல்லோ," என்றா. சிரிப்பு வெடித்தது. அப்பாவும் என்ன என்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார்.

பிரசங்கியார் சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். "சகோதரரே, இது கிடாரி. பெண். திமில் எப்படி வந்தது?"

"மாடு எண்டா எனக்குக் கை அப்படித்தான் போகுது, ஐயா."

"படுத்திருக்கவும் கூடாது. மணியும் கூடாது."

"மணியை அழிக்கலாம், ஐயா. நாளைக்கே அழிச்சுத் தாறேன்."

"கொடிமரம்?"

அப்பா கொடிமரத்தைப் பார்த்தார். அது அங்கே இருப்பதை அப்போதுதான் கண்டவர் போலப் பார்த்தார். பிரசங்கியார் நல்ல மனுஷர், ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "இதை வைத்துப் போதிக்க முடியாது," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டச் சொன்னார். கூட்டம் நடந்த மூன்று நாளும் கையாலேயே காற்றில் கீறிக் காட்டிப் போதித்தார்.

வீட்டுக்கு வரும்போது அம்மா முன்னால், துணியைத் தோளில் சாத்திக்கொண்டு அப்பா நடுவில், நான் பின்னால். பைப்படிக்கு வந்ததும் அப்பா நின்றார். "திமில் வச்சிட்டேன்டா," என்றார்.

"வடிவா இருந்துச்சு, அப்பா," என்றேன்.

அடுத்த நாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டார். மண்ணெண்ணெய் தொட்டு நகத்தைத் தேய்த்தார். "வா," என்றார். அம்மா பெட்டியிலிருந்து என் புதுச் சட்டையை எடுத்த வேகத்தில் பெட்டி மூடி சுவரில் அடித்தது. பஸ்ஸில் அப்பா விடுகைப் பத்திரத்தை மடிக்காமல், உள்ளங்கையில் தட்டு மாதிரி வைத்துக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடக் கந்தோரில், அலுவலக மேசைக்குப் பின்னால், ஒரு கிளார்க் இருந்தார். பத்திரத்தை வாசித்தார், திருப்பினார்.

"இது என்ன, மேசையா?"

"பலிபீடம், சேர்."

"என்னது?"

அப்பா விளங்கப்படுத்தத் தொடங்கினார். நாலு கொம்பு ஏன், சாம்பல் எங்கே விழும், எத்தனை முழம். இதைச் சொன்னால் அவர் விளங்கிக்கொண்டு என்னைச் சேர்த்துவிடுவார் என்று நம்பிச் சொன்னார். பின்னால் நின்ற தகப்பன்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிளார்க் பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, "ஐயா, இடம் நிரம்பி மூன்று கிழமை ஆகுது. பத்திரமும் இப்படி இருந்தா எடுக்க ஏலாது. பழைய பள்ளிக்கூடத்தில வேற ஒண்டு வாங்கிட்டு அடுத்த ஜனவரிக்கு, முதல் கிழமையே வாங்க," என்றார். கொடுக்கும்போது இன்னொரு தரம் திருப்பிப் பார்த்து, "நல்லாக் கீறியிருக்கீங்க," என்றார்.

வெளியே வந்து, தண்டவாளத்தைக் கடந்து, கடற்கரைக் கல்லில் இருந்தோம். ஆளுக்கு இரண்டு வடை. கடல் சத்தத்தில் அப்பா கேட்டது எனக்கு முதலில் கேட்கவில்லை.

"கோபமாடா?"

இல்லை என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை. கந்தோர் யன்னலால் அந்த மைதானத்தையும் அதில் நின்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளையும் நான் பார்த்திருந்தேன். அத்தனை பேருக்கு நடுவில் நிற்கவேண்டும் என்று நினைத்ததும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இடமில்லை என்றதும் உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. அதை அப்பாவிடம் அன்று சொல்லவில்லை. இன்றுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன்.

அந்த வருடம் நான் அப்பாவோடு சுற்றினேன். தெமட்டகொடையில் ரயில் பெட்டிகளுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை, வத்தளையில் பேக்கரி. அப்பா ஏணியில், நான் டின்னோடு கீழே. அது சந்தோஷமான வருடம் என்று சொன்னால் அம்மாவுக்குத் துரோகம். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

துணி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆடிவேல் திருவிழா வந்தபோது, வெள்ளவத்தையில் போடுகிற கரும்புக் கடைக்கு மேல் கூரையாகக் கட்ட மாமா படங்குத் துணி தேடினார். "அது மழைக்கு ஒழுகாது. கொண்டு போ," என்றார் அப்பா, முகத்தைத் திருப்பாமல்.

வேல் பார்க்கச் சபையார் போவதில்லை. அப்பாவும் போகவில்லை. காலி வீதி என்கிற பெரிய தெருவின் மறுபக்கத்தில் என்னோடு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார், அவ்வளவுதான். பஸ் மூன்று போய்விட்டது. எதிரே மாமாவின் கரும்புக் கடை. படம் உள்பக்கமாகத் தெரியும்படி கட்டியிருந்தார். கீழே நின்று கரும்பு கடிக்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரக் குமிழ் வெளிச்சத்தில் யெருசலேம் முழுவதும் பளபளத்தது. கொடிமரத்தையும் குடுமியையும் பற்றி அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தான்!" மாமா எங்களைக் கண்டுவிட்டார். "வாங்க இஞ்சால! உங்கட கோயிலப் பத்திக் கேக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தார். இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மா, "அந்த ஆட்டை என்ன செய்யிறாங்க?" என்று கேட்டா. அப்பா சொல்லத் தொடங்கினார். ஆடு, பலிபீடம், ஆட்டுக்குப் பதிலாக வந்தவர், கிழிந்த திரை. அவ்வளவு ஆசையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்கு முன் சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது.

"அப்ப இனி ஆடு வெட்டத் தேவையில்லத்தானே?"

"இல்ல, தங்கச்சி. ஒருத்தர் எல்லாருக்குமாச் செத்தாச்சு."

"அப்ப என்னத்துக்கு இன்னொரு கோயில் கட்டுறாங்க?"

"அது கடைசி நாளுக்கு அடையாளம்."

"எப்ப கட்டி முடிப்பாங்களாம்?"

அப்பா வாய் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கரும்புச் சக்கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். அது வீணாகக் கூடாது என்று அம்மா போட்டுவிட்டிருந்தா.

"அது எனக்குத் தெரியாது," என்றார் அப்பா.

பிரசங்கியாருக்குத் தெரிந்திருந்தது. பாஸ்டர் அங்கிளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அதுவரை தெரிந்துதான் இருந்தது.

"தெரியாமத்தான் இவ்வளவு பெரிசாக் கீறினீங்களா, அத்தான்?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் என் பிடரியைப் பிடித்திருந்த கை, பஸ் ஏறும் வரைக்கும் விடவில்லை.

அந்தத் துணி பிறகு இரண்டு ஆடிவேல் பார்த்தது. அதற்குப் பிறகு எங்கே போனது என்று மாமாவுக்கும் தெரியவில்லை.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் யாரும் அறியமாட்டீர்கள். அடுத்த ஜனவரி, முதல் கிழமை. விடிய எழும்பினால் கதிரையில் வெள்ளைச் சட்டையோடு அப்பா இருக்கிறார். மடியில் புது விடுகைப் பத்திரம், ஒரு பொட்டுக்கூடப் படாமல் பொலித்தீனுக்குள். பக்கத்தில் ஆறு கொப்பி. மண்ணிறத் தாள் உறை போட்டு, ஒவ்வொன்றிலும், லொறிக் கதவில் முதலாளி பெயர் எழுதுகிற அதே எழுத்தில், நிழல் போட்டு, ஓரம் கட்டி, என் பெயர். அதற்குக் கீழே ஆறாம் வகுப்பு.

"போவமா?" என்றார்.

நான் வேண்டாம் என்றேன்.

"ஏன்டா?"

"சின்னப் பிள்ளைகளோட இருக்க வெக்கமா இருக்கு."

ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனால் அந்த மைதானம் என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. அப்பா மூன்று நாள் காலையும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து கேட்டார். அம்மா அழுதா, அடித்தா, பிறகு கட்டிப்பிடித்தா. நான் கட்டிலுக்கு அடியில், போன வருடம் ஆலயம் கிடந்த இடத்தில், சுருண்டு கிடந்தேன். நாலாம் நாள் அப்பா பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணியைத் தூக்கினார். நான் டின்னைத் தூக்கினேன்.

ஆகவே வீடியோ போடுகிறவரோடும் எனக்குக் கோபம் இல்லை, சிரிக்கிறவரோடும் இல்லை. அப்பா கடைசி வரைக்கும் அந்த நாளை நம்பினார். கேட்டால், "வரும், எப்ப எண்டு தெரியாது," என்பார். முதல் ஜனவரி அவருடையது, இரண்டாவது ஜனவரி என்னுடையது. உங்களில் யாராவது அவரைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

நான் இப்போது வெள்ளவத்தையில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறேன். பின்னேரம் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடை வாசலால் போவார்கள். ஆறு கொப்பியில் ஐந்தைப் பிரஷ் துடைத்தே முடித்துவிட்டோம். ஒன்றை அம்மா ஒளித்து வைத்திருந்து, கண் மூடப் போகிற நேரம் என்னிடம் தந்தா. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை, வெறும் கோடுகள். உறையில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அப்பாவின் எழுத்தில் நான் இன்னும் ஆறாம் வகுப்பில் இருக்கிறேன்.